நோகாத கை

கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் சந்திரமதியின் கையைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. கொதிக்கும் உலைப்பானையைத் துணி பிடிக்காமல் இறக்கி வைப்பாள். அடுப்பிலிருந்து உருண்டு விழுந்த நெருப்புக் கங்கை விரலால் எடுத்துத் திரும்ப உள்ளே போடுவாள். ரப்பர் நடுவதற்காகக் காடு அழித்த நாளில் ஒரு பிரம்பு முள் அவள் உள்ளங்கையில் ஏறி நின்றது. அதை அவள் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் வேர் பறித்துக்கொண்டிருந்த பெண்தான் பார்த்துவிட்டு அலறினாள். சந்திரமதி முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "முள்ளு என் கையில. கூப்பாடு ஒன் வாயிலயா?" என்று கேட்டாள். மாலைக்குள் அந்தப் பேச்சு லயத்து வீடுகள் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

அவளுக்கு அதில் பெருமைதான். இல்லாமல் எப்படி இருக்கும்? வலியென்று சொல்லி யாரிடமும் எதுவும் வாங்க முடியாது என்று பதினான்கு வயதிலேயே தெரிந்துகொண்டவள் அவள்.

களுத்துறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அங்கே உடம்பைப் பற்றிய சட்டம் ரொம்ப எளிமையானது. விடிந்தும் விடியாமல் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். உடம்பு முடியாதவர்கள் தனியாக ஓரமாக நிற்க வேண்டும். மருந்துக்காரர் வந்து ஒவ்வொருவர் அக்குளிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பார். பாதரசம் ஏறினால் வருத்தம், அதாவது வியாதி; ஏறாவிட்டால் நடிப்பு. தலைக்குத்து, இடுப்புக் கடுப்பு, வயிற்றுப் புரட்டல், மூட்டுக் குடைச்சல் என்று தமிழில் எத்தனை வகை நோவு இருந்தாலும் அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு அவை ஒன்றும் தெரியாது. ஜனங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். வெங்காயம் காய்ச்சல் உண்டாக்கும் என்று ஒரு நம்பிக்கை. காய்ச்சல் வந்ததோ இல்லையோ, வாடை வந்தது. மருந்துக்காரர் அதன்பிறகு தெர்மாமீட்டரை வாயில் வைக்க ஆரம்பித்தார்.

சந்திரமதி ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போன முதல் வருஷம், அடிவயிற்றில் கத்தியால் கிழிப்பதுபோல் ஒரு நோவு வந்தது. ஓரமாகப் போய் நின்றாள். காய்ச்சல் இல்லை. "போ, போ, மரம் காத்துக்கிட்டிருக்கு" என்று விரட்டிவிட்டார்கள். இருநூறு மரமும் வெட்டி முடித்து, பால் எடை போடுகிற இடத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கணக்கப்பிள்ளையின் செருப்பின்மேல் வாந்தி எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு வருத்தம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதுகூடச் செருப்புக்காகத்தான். அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவதுதான் வியாதி, தனக்கு மட்டும் தெரிவது வெறும் நோவு, நோவை வெளியே சொல்பவர் ஏமாளி என்பது அன்றிலிருந்து அவள் கொள்கை. அதற்குப் பிறகு எந்த நாளும் அவள் ஓரமாகப் போய் நிற்கவில்லை.

பதினான்கு வருஷம் மரம் வெட்டினாள். பக்கத்து லயத்துப் பன்னீர்செல்வத்தைக் கட்டிக்கொண்டாள். எழுபதாம் வருஷம், இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் பட்டியலில் இரண்டு பேர் பெயரும் வந்தது. திரும்புவதென்ன, இருவருமே இந்தியாவைப் பார்த்தது கிடையாது. தலைமன்னாரில் கப்பல் ஏறி மண்டபம் முகாமில் இறங்கினார்கள். அங்கே ஐந்து மாதம். பிறகு மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்கு ஒரு கப்பல், அங்கிருந்து கட்சாலுக்கு இன்னொரு கப்பல். ரப்பர் தெரிந்தவர்கள் வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். வந்து பார்த்தால் ரப்பர் எங்கே இருக்கிறது? முக்கால்வாசி காடாக இருந்தது. நட்டிருந்த கன்றுகள் இடுப்பு உயரம்தான். ரப்பர் மரம் பால் கொடுக்க ஏழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் காடு வெட்டு, வேர் பறி, புல் பிடுங்கு, குழி தோண்டு. பிள்ளையே இல்லை என்று விட்டுவிட்ட பிறகு, இந்த வேர் பறிக்கிற காலத்தில்தான் ஜெயமணி பிறந்தாள்.

கை இப்படி ஆனதும் அந்தக் காலத்தில்தான். வலக்கைச் சுண்டுவிரலில் முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. சில மாதங்களில் அதுவும் இல்லாமல் போனது. பிறகு பக்கத்து விரல், பிறகு உள்ளங்கை. சந்திரமதி அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். பால் வெட்டுகிறவர் விரலில் ரப்பர் பால் காய்ந்து காய்ந்து இரண்டாவது தோல்போல ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதை உரித்து எடுப்பார்கள். பதினான்கு வருஷத்துப் பால் உரிந்து வராமல் உள்ளேயே இறங்கிவிட்டது என்றாள். பன்னீர்செல்வமும் தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றான். லயத்தில் எல்லோருமே ஆமாம் என்றார்கள். எல்லோர் கையும் காய்த்துக் கிடந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரப்பரோடு பழகாத வேறு யாராவது இருந்திருந்தால், பால் தோலுக்குள் இறங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் முதலில் நட்ட மரங்கள் பால்வெட்டுக்கு வந்தன. மேற்பார்வையாளர் திருநாவுக்கரசு பால்வெட்டுக்கு ஆள் பொறுக்கினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதவர். முதல் பட்டியலிலேயே சந்திரமதியின் பெயர் இருந்தது. அன்று அவள் வீட்டில் பாயசம். வேர் பறிக்க யாருக்கும் முடியும். பால் வெட்டுவது அப்படியில்லை. ஆறு வருஷம் புல்லோடு புல்லாகக் கிடந்தவளுக்கு, கத்தியைக் கையில் எடுத்ததும் தான் யார் என்பது ஞாபகம் வந்தது.

பால்வெட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. பால் இருப்பது பட்டையில். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு பச்சைப் படலம். கத்தி அதன் பக்கத்தில் போக வேண்டும், அதைத் தொடக் கூடாது. தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. கத்தி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கண்ணுக்கு லேசில் தெரியாது. பிடியில் இருக்கும் விரலுக்குத்தான் தெரியும்.

முதல் வாரம் நான்கு மரத்தில் காயம். இரண்டாம் வாரம் பதினொன்று. சந்திரமதி கத்தியைத் தீட்டினாள். கத்தியை மாற்றினாள். இந்தத் தீவு மரத்துக்குப் பட்டை மெலிசு என்றாள். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் செம்மண்ணைக் குழைத்து மரத்தின் காயங்களில் அப்பி மறைத்தாள். திருநாவுக்கரசு ஒருநாள் அந்த மண்ணைச் சுரண்டிப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? பால் வெட்டச் சொன்னா வெறகு வெட்டியிருக்க."

"புதுக் கத்திங்கய்யா. பழகிட்டா சரியாப் போயிரும்."

"இந்த மாசம் பூரா பாக்குறேன். அடுத்த மாசமும் இப்படின்னா மறுபடியும் புல்லுக்குத்தான் போகணும்."

அந்த மாசத்துக்குள்தான் சர்வே வந்தது. போர்ட் பிளேரிலிருந்து உத்தரவு: தோட்டத்தில் இருக்கிற பெரியவர் சிறியவர் எல்லோரையும் தோல் பரிசோதனை செய்ய வேண்டும். செய்யப் போகிறவர் மருந்துக்கூடத்து டிரஸ்ஸர் அல்போன்ஸ். தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வளர்ந்தவர். தமிழ் பேச ஆரம்பித்தால் பாதியில் ஹிந்திக்குத் தாவிவிடுவார். கட்டுப் போடுகிற வேலைதான் அவருக்கு. ஆனால் தோட்டத்து ஜனம் டாக்டரய்யா என்றே கூப்பிட்டது, அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை.

தகரக் கொட்டகையில் வரிசை நின்றது. அல்போன்ஸ் கையில் ஒரு குண்டூசியோடு எழுந்து நின்று அறிவித்தார்.

"தேக்கோ, எல்லாரும் கேளுங்க. கண்ண மூடிக்கிடணும். ஊசி படும்போது சொல்லணும். ஒடம்புல எங்கனயாவது நோவு தெரியாத எடம் இருந்தா மறைக்கக் கூடாது. நோவாததுதான் இந்த வியாதி."

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழவர் உரக்கவே கேட்டார், "காலம் பூரா நோகுது நோகுதுன்னு சொன்னோம், ஒருத்தன் நம்பல. இப்ப எங்க நோகலன்னு கேக்க ஒருத்தர் வந்திருக்காரு!"

சந்திரமதி சிரிக்கவில்லை. நோவாததுதான் வியாதி என்ற வார்த்தை அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. களுத்துறைத் தோட்டத்தில் கிருஷ்ணமூர்த்தி என்று ஒரு பால்வெட்டுக்காரர் இருந்தார். பீடி விரல் வரைக்கும் எரிந்து வந்தாலும் அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். ஒருநாள் பச்சை நிற லாரி ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் பெண்சாதி லாரிக்குப் பின்னால் பாலம் வரைக்கும் ஓடினாள். அவர்களுடைய அறைக்கு இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தார்கள். கிருஷ்ணமூர்த்தியைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை. பெரிய வியாதி, அதாவது குஷ்டம், என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

முழுக்கைச் சட்டைக்குள் அவள் வலது முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு நிறம் வெளிறிய ஓர் இடம் இருந்தது. தேமல் என்று நினைத்திருந்தாள். இப்போது நினைத்துப் பார்த்தால், கொசு அந்த இடத்தில் கடித்ததாக ஞாபகமே இல்லை. சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். லாரி வராத தீவில் கப்பல் வரும். ஜெயமணிக்கு நான்கு வயது.

வரிசையில் அவளுக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். சந்திரமதி அந்த முப்பது பேரையும் உற்றுப் பார்த்தாள். ஊசி படும்போது மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? தோள் சின்னதாகத் தூக்கும். மூச்சு உள்ளே போகும். கை பின்னால் இழுக்கும், அதற்கப்புறம்தான் வாய் 'ஸ்' என்னும். வாய் முந்தினால் நடிப்பு என்று தெரிந்துவிடும். அல்போன்ஸ் ஒவ்வொருவருக்கும் கையில் மூன்று, காலில் மூன்று, முகத்தில் ஒன்று என்று குத்தினார். குத்துவதற்கு முன் அவர் உதடு லேசாகக் குவிந்தது.

அவள் முறை வந்தது. கண்ணை மூடினாள், இமையின் அடியில் ஒரு கீற்று விட்டு. உதடு குவிந்தபோது தோளைத் தூக்கினாள், கையை இழுத்தாள், அப்புறம் 'ஸ்' என்றாள். சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னபோது இடக்கையைச் சுருட்டி நீட்டினாள். பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றதால் அவர் மறு கையைக் கேட்கவில்லை.

"டீக் ஹை. அடுத்த ஆளு."

வெளியே வந்து தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு காலத்தில் உண்மையான நோவைக் காட்டியும் நடிப்பு என்றார்கள். இன்றைக்கு நோவை நடித்துக் காட்டினாள், சுகமாக இருக்கிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பயம் போகவில்லை, பயத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல்தான் போனது. பன்னீர்செல்வம் "என்னா சொன்னாரு?" என்று கேட்டபோது, "நல்லாத்தான் இருக்கேனாம்" என்றாள்.

அதன்பிறகு விரலை நம்பாமல் கண்ணால் வெட்டப் பழகினாள். முகத்தைப் பட்டைமேல் ஒட்டிவைத்து, ஒவ்வொரு சீவலாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். வேலை இழுத்தது, ஆனால் காயம் குறைந்தது. மாசம் முடிந்தது. திருநாவுக்கரசு மரங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாமல் போனால் அவரிடத்தில் அது பாராட்டு. தப்பித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, கை யாருக்கும் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். ஜெயமணிக்கு நான்கு நாளாகச் சளி. தலைக்கு ஊற்றலாம் என்று தகர டின்னில் வெந்நீர் போட்டாள். வாளியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து, எல்லாத் தாய்மாரும் செய்கிற மாதிரி கையை விட்டுப் பார்த்தாள். பதமாகத்தான் இருந்தது. ஒரு செம்பு மொண்டு பிள்ளையின் முதுகில் ஊற்றினாள்.

ஜெயமணி போட்ட சத்தத்துக்குப் பக்கத்து லயத்துக் கதவெல்லாம் திறந்தது. முதுகிலிருந்து இடுப்பு வரை தோல் சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்பளிக்க ஆரம்பித்தது. சந்திரமதி மறுபடி கையை வாளிக்குள் விட்டாள். பதமாகத்தான் இருந்தது. இடக்கையை விட்டாள். 'ஆ' என்று அவளை அறியாமல் வாய் கத்தியது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே ஓடினாள். மருந்துக்கூடத்தில் அல்போன்ஸ் மட்டும் இருந்தார். குளிர்ந்த தண்ணீர்த் துணி போட்டு, களிம்பு தடவி, மெல்லிய துணி போர்த்தினார். ஆழமில்லை, பத்து நாளில் ஆறிவிடும் என்றார். பிள்ளையின் அழுகை தேம்பலாக இறங்கியது. அப்புறம் அவருக்குக் கோபம் வந்தது.

"கொதிக்கிற தண்ணிய பிள்ள மேல ஊத்துவாங்களா? கை விட்டுப் பாக்கலியா நீங்க?"

"பாத்தேங்க."

"பாத்துட்டுமா ஊத்துனீங்க?"

சந்திரமதி வலக்கையை மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டுவரை வெந்து சிவந்திருந்தது. பெருவிரலின் பின்பக்கம் ஒரு கொப்பளம் ஏற்கெனவே உடைந்து நீர் வடிந்தது. ஓடி வந்த வழியில் எங்கோ உடைந்திருக்க வேண்டும். அல்போன்ஸ் அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் பிள்ளைக்காக அழுத கண்ணீர் இருந்தது, தன் கைக்கான ஒரு சுளிப்பும் இல்லை.

"எனக்கு நோகலய்யா" என்றாள். "மூணு வருஷமா நோகல. அன்னிக்கு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாக முன்வந்து ஒரு வியாதியை ஒருவரிடம் சொன்னாள். சட்டைக் கையையும் சுருட்டிக் காட்டினாள். அல்போன்ஸ் அவள் முழங்கையின் உள்பக்கம் விரல் வைத்து உருட்டிப் பார்த்தார். அங்கே நரம்பு கயிறு கனத்துக்குத் தடித்திருந்தது. பெருமூச்சு விட்டார். திட்டவில்லை. பிறகு ஜெயமணியை வெளிச்சத்துக்குத் திருப்பி, உச்சி முதல் உள்ளங்கால் வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. சாஃப் இருக்கு."

அப்போதுதான் சந்திரமதி பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்னயக் கப்பல்ல ஏத்திருவீங்களா?"

"யார் சொன்னா? அதெல்லாம் அந்தக் காலம். மாத்திரை இங்கனயே இருக்கு, டெய்லி ஒண்ணு. வருஷக்கணக்குல திங்கணும், விடக்கூடாது. வீட்டுலயே இருக்கலாம், பிள்ளைய வச்சிக்கிடலாம்."

"கை?"

அல்போன்ஸ் எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு கோழி இறகை எடுத்தார்.

"எவ்வளவு போயிருக்கு, எவ்வளவு மிச்சமிருக்குன்னு முதல்ல பாக்கணும். மிச்சமிருக்கிறத மருந்து காப்பாத்தும். போனது திரும்பாது. அதனால இந்தத் தடவை நெசமா சொல்லணும். கண்ண மூடுங்க. தொட்டதும் தொட்ட எடத்த எடக்கையால காட்டணும். அவ்வளவுதான்."

ஜெயமணி மடியில் குப்புறக் கிடந்து இறகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரமதி கையை நீட்டிக் கண்ணை மூடினாள். கீற்று எதுவும் விடவில்லை. தகரக் கூரைமேல் மழை அடித்தது. இடக்கையைத் தயாராக உயர்த்தி வைத்துக்கொண்டாள். ஓர் இடமாவது, சுண்டுவிரல் நுனியாவது, என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். உடம்பு முழுவதையும் அந்த ஒரு கைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் எதையோ தேடுகிறார் போல என்று நினைத்தாள்.

"ஐயா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

அல்போன்ஸ் இறகைக் கீழே வைத்தார். ஜெயமணிதான் சொன்னாள்.

"ரெண்டாவது தடவையும் தடவி முடிச்சிட்டாரும்மா. ஒனக்குக் கூசவே இல்லையா?"